சக்கரம் வைத்த மேசைகளும் 14 லட்சமும்: ஆபீஸ் இன்டீரியர் கொடுக்கும் முன் படியுங்கள்

பெருங்குடியில் ஒரு சின்ன கம்பெனியில் நிர்வாகம் பார்க்கிறேன். மொத்தம் 46 பேர். வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீடு. எல்லோருக்கும் சீட் எதற்கு என்று போன வருடம் சின்ன இடத்துக்கு மாறினோம். டிசைன், வேலை எல்லாமே தானே பார்த்துக்கொள்வதாக ஒருவர் வந்தார். 3டி படம் காட்டினார். சக்கரம் வைத்த மேசைகள், போன் பேச இரண்டு கண்ணாடிக் கூண்டு, ஆளுக்கொரு லாக்கர். "காலையில வரிசையா போடுங்க, சாயங்காலம் வட்டமா போடுங்க மேடம், உங்க இஷ்டம்." படத்தைப் பார்த்தே மயங்கி, 14 லட்சத்துக்கு வேலையைக் கொடுத்துவிட்டோம்.

சாவி வாங்கிய அன்றே மேசைகளை நடுவில் இழுத்துப் போட்டோம். சார்ஜர் எட்டவில்லை. பிளக் பாயின்ட் அத்தனையும் சுவரில்! போன் செய்தால், "ஃப்ளோர் பாயின்ட் கொட்டேஷன்லயே இல்லையே மேடம், அது எக்ஸ்ட்ரா" என்றார். எடுத்துப் பார்த்தேன். 'மின்வேலை' என்று ஒரே வரி, எதிரே மொத்தமாக ஒரு தொகை. எத்தனை பாயின்ட், எங்கே என்று ஒரு வார்த்தை இல்லை. அதில் கையெழுத்துப் போட்டவள் நான்தான். 11 எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கித் தரையெல்லாம் டேப் ஒட்டினோம். இரண்டாவது வாரம் ஒரு பெண் ஒயர் தடுக்கி விழுந்தாள். மேசைகள் திரும்பவும் சுவரோரம் போய்விட்டன.

சீட் கணக்கும் அவர் போட்டதுதான். 46 பேர், மூன்று நாள், ஐந்தால் வகுத்தால் 28. வகுத்தல் சரி. ஆனால் திங்களும் வெள்ளியும் யார் வருகிறார்கள்? செவ்வாய், புதன், வியாழனில்தான் மொத்தக் கூட்டமும். வருகைப் பதிவை ஒரு தடவை கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும். அவர் கேட்கவில்லை, எனக்கும் கொடுக்கத் தோன்றவில்லை.

மீட்டிங் ரூம்தான் பெரிய கூத்து. 'சவுண்ட் ப்ரூஃப்' என்று தனியாகக் காசு வாங்கி, சுவரில் சாம்பல் நிற ஃபோம் ஒட்டியிருந்தார். உள்ளே ஒருவரிடம் இன்கிரிமென்ட் பேசினோம். அவர் வெளியே வருவதற்குள் வெளியில் இருந்தவர்களுக்குத் தொகை தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் ஸ்டூல் போட்டு ஏறி, ஃபால்ஸ் சீலிங் அட்டை ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். தடுப்புச் சுவர் சீலிங்கோடு நின்றுவிட்டது. மேலே கான்கிரீட் தளம் வரைக்கும் இரண்டடி வெட்டவெளி, பக்கத்து அறை லைட் வெளிச்சம் அப்படியே தெரிகிறது. ஃபோம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்குமே தவிர, சத்தம் வெளியே போவதைத் தடுக்காதாம். தடுப்பு தளம் வரை போய் முட்ட வேண்டும். இதெல்லாம் பிறகு வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் சொல்லித்தான் தெரியும். கண்ணாடிக் கூண்டுகளில் காற்று போக ஓட்டைகூட இல்லை. பத்து நிமிடம் பேசிவிட்டு வருகிறவர் குளித்துவிட்டு வந்த மாதிரி இருப்பார்.

லாக்கருக்கு 710 கிரேடு ப்ளை என்று எழுதிக் கொடுத்திருந்தார். அது தண்ணீர் தாங்கும் ரகம். மழைக்காலத்தில் ஜன்னலோரம் லேசாகக் கசிந்ததற்கே கதவுகள் அடியில் அப்பளம்போல் உப்பிவிட்டன. மூலையைப் பெயர்த்தால் உள்ளே மரத்தூள், வெறும் பார்ட்டிகிள் போர்டு. லேமினேட் ஒட்டிய பிறகு எதுவும் தெரியாது. பலகை சைட்டில் இறங்கும்போதே ஐஎஸ்ஐ முத்திரையையும் ஐஎஸ் 710 என்ற எண்ணையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

அட்வான்ஸ் 60 சதவீதம், பொருள் வந்ததும் 30 சதவீதம். குறை தெரிந்தபோது எங்கள் கையில் மிச்சம் பத்து சதவீதம்தான். அதை விட்டுவிட்டு அவர் போனையே எடுக்கவில்லை. பில்லில் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. பில்லில் இருந்த அவரது ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி போர்ட்டலில் போட்டால், பதிவு ஏற்கெனவே ரத்தானது என்று காட்டுகிறது. லாகின்கூடத் தேவையில்லை, ஒரு நிமிட வேலை. அட்வான்ஸுக்கு முன்னால் செய்திருக்க வேண்டும்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றிருந்தேன். வியாபாரத் தேவைக்காக வாங்கிய சேவை என்பதால் 2019 சட்டப்படி நாங்கள் 'நுகர்வோர்' ஆக மாட்டோம், சிவில் கோர்ட்தான் என்றார் வக்கீல். நோட்டீஸ் அனுப்பினோம், கதவு பூட்டியிருக்கிறது என்று திரும்பி வந்தது.

தரையை வெட்ட பில்டிங் ஓனர் ஒத்துக்கொள்ளவில்லை. மேலிருந்து நாலு இடத்தில் பைப் இறக்கி மின்சாரம் கொடுக்கலாம் என்று எலக்ட்ரீஷியன் அண்ணன் சொல்லியிருக்கிறார். வருகிற சனிக்கிழமை வேலை ஆரம்பம். இந்தத் தடவை பாயின்ட் ஒவ்வொன்றையும் தரையில் சாக்பீஸால் குறித்துவிட்டுத்தான் கொட்டேஷன் வாங்கினேன்.