அலைன்மென்ட் செய்யாமலே பில் போட்ட கடை: பழைய ஃபோர்டு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

ஹாட் ராட் வண்டியை, அதாவது எஞ்சினையும் பாகங்களையும் மாற்றிக் கட்டிய பழைய காரை, வீல் அலைன்மென்டுக்கு (சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்யும் வேலைக்கு) விடப்போகிறவர்கள், சாவியைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் உள்ள ஒரு பெரிய கடை, என் 1932 ஃபோர்டு ரோட்ஸ்டரில் செய்யாத வேலையைச் செய்ததாக எழுதி 280 டாலர் வாங்கிக்கொண்டது. பணம் போனதுகூடப் பெரிதில்லை. அந்தக் காகிதத்தை நம்பி என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஃப்ரீவேயில் போனேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வண்டியின் அமைப்பைச் சொன்னால்தான் ஏமாற்றின் அளவு விளங்கும். ஃபோர்டு கார்களில் 1948 மாடல் வரை முன்பக்கம் குறுக்கே ஒரே இரும்பு அச்சுதான். சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு 1949 மாடலில்தான் வந்தது. என் வண்டியிலும் ஐ-பீம் அச்சுதான். எஞ்சின் செவர்லே 350, ஸ்டீயரிங் பெட்டி 1970களின் செவர்லே வேகாவிலிருந்து எடுத்தது. ஹாட் ராட் கட்டுகிறவர்கள் நெடுங்காலமாகச் சேர்க்கும் சேர்க்கை இது.

இந்த அச்சில் கேம்பரை, அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாயும் அளவை, ஸ்பேனர் வைத்து மாற்ற முடியாது. அச்சையே அழுத்தி வளைத்தால்தான் மாறும். டோ என்பது இரு முன் சக்கரங்களுக்கு இடையே முன்பக்க இடைவெளிக்கும் பின்பக்க இடைவெளிக்கும் உள்ள வித்தியாசம். இரு சக்கரங்களையும் இணைக்கும் டை ராட் என்ற தண்டைத் திருகினால் அது மாறிவிடும். எல்லாவற்றிலும் முக்கியமானது கேஸ்டர், அதாவது சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சாணியான கிங் பின்னின் மேல்முனை எவ்வளவு பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது என்பது. ஓடும் வண்டியில் சக்கரத்தை நேருக்குத் திருப்பிக் கொண்டுவருவது அந்தச் சாய்வுதான். இத்தகைய வண்டிகளுக்கு 5 முதல் 7 டிகிரி வரை வைப்பது வழக்கம். நான் பின் ஸ்பிரிங்கையும் டயரையும் மாற்றியதில் வண்டியின் பின்பக்கம் உயர்ந்துவிட்டது. பின்பக்கம் உயர்ந்து வண்டி எத்தனை டிகிரி முன்னோக்கிச் சாய்கிறதோ அத்தனை டிகிரி கேஸ்டர் குறையும். ஸ்டீயரிங் பிடிப்பில்லாமல் அலைந்தது அதனால்தான். இதையெல்லாம் கவுன்டரில் விளக்கிச் சொல்லித்தான் வண்டியை விட்டேன். எல்லாம் தெரியும் என்று தலையாட்டினார்கள்.

மாலையில் கையில் கிடைத்தது வண்ணத்தில் அச்சடித்த ஒரு தாள். எல்லாக் கட்டங்களும் பச்சை. பில்லில் "நான்கு சக்கர அலைன்மென்ட், கேஸ்டர், கேம்பர், டோ சரிசெய்யப்பட்டன" என்று எழுதியிருந்தது. கூடவே கிங் பின்களும் ஸ்டீயரிங் பெட்டியும் தேய்ந்துவிட்டன, மாற்ற 1,900 டாலர் ஆகும் என்று ஒரு தனி மதிப்பீடு. பின் அச்சு இறுகிய ஒரே துண்டு. அதில் திருகிச் சரிசெய்ய எதுவுமே இல்லை. அதற்கும் சேர்த்துத்தான் நான்கு சக்கரக் கட்டணம்.

210 ஃப்ரீவேயில் வேகம் 50 மைலைத் தாண்டியபோது கான்கிரீட் இணைப்பு ஒன்றில் சக்கரம் ஏறி இறங்கியது. அடுத்த கணம் ஸ்டீயரிங் இடமும் வலமுமாக என் கைகளைப் பிய்த்துக்கொண்டு போவதுபோல் உதறியது. முன் சக்கரங்கள் படபடப்பது கண்ணுக்கே தெரிந்தது. பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் வேகத்தைத் தளரவிட்டு ஓரம் கட்டினேன். மகள் வெகுநேரம் பேசவில்லை. கடைக்குத் தொலைபேசியில் அழைத்தபோது, பழைய வண்டி என்றால் இப்படித்தான் இருக்கும், அதற்குத்தான் கிங் பின் மாற்றச் சொன்னோம் என்றார்கள். ஆளைப் பயமுறுத்தி அடுத்த வேலையை வாங்கப் பார்த்தார்கள். கீழ்த்தரமான செயல்.

வண்டியை டிரக்கில் ஏற்றி, பழைய ஃபோர்டுகளில் காலம் கழித்த ஒரு பெரியவரின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அவர் முதலில் அந்தத் தாளின் தலைப்பைப் படித்துக் காட்டினார். வாகனம் என்ற இடத்தில் இருந்தது முஸ்டாங் 2 என்ற 1970களின் ஃபோர்டு கார். கடையின் கணினிப் பட்டியலில் 1932 ஃபோர்டு இல்லை போலும். பல ஹாட் ராட்களில் முஸ்டாங் 2-இன் முன் சஸ்பென்ஷனைப் பொருத்துவார்கள் என்பதால் அதைத் தேர்ந்துகொண்டிருக்கிறார்கள். அது தனித்தனிக் கைகள் கொண்ட, முற்றிலும் வேறான அமைப்பு. கேஸ்டர் வேலைக்கு முன் இடப்பக்கம் 1.2, வலப்பக்கம் 1.5, வேலைக்குப் பின்னும் அதே 1.2, அதே 1.5. வேறொரு காரின் வரம்புக்குள் அடங்கியதால் கட்டம் பச்சையானது. என் வண்டிக்கு அது ஆபத்தான அளவு.

பிறகு விளக்கைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் என்னையும் அழைத்தார். அச்சிலிருந்து சட்டத்துக்குப் பின்னோக்கிப் போகும் ஹேர்பின் தண்டுகளின் முன்முனையில், மேலும் கீழுமாக மரையுள்ள கிளெவிஸ்கள், அதாவது கவை வடிவ இணைப்புகள், இருக்கும். கேஸ்டரை மாற்ற வேண்டுமானால் போல்ட்டைக் கழற்றி அவற்றைத் திருகியாக வேண்டும், வேறு வழியில்லை. அவை தானாகத் திரும்பாமல் இறுக்கிப் பிடிக்கும் நான்கு லாக் நட்டுகளிலும் பழைய கறுப்புப் பெயின்ட் நட்டிலிருந்து மரைமேல் தொடர்ச்சியாகப் படிந்திருந்தது. ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லை. ஸ்பேனர் பட்ட தடமும் இல்லை. டை ராடில் மட்டும் புதுக் கீறல்கள் தெரிந்தன. அதன் லாக் நட்டைப் பெரியவர் இரண்டு விரலால் சுழற்றினார், சுழன்றது. டோவைத் திருகியவர்கள் நட்டை இறுக்காமலேயே வண்டியை வெளியே அனுப்பியிருக்கிறார்கள்!

ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கிங் பின்களில் ஆட்டமே இல்லை. ஸ்டீயரிங் பெட்டியும் நன்றாகவே இருந்தது. டயரில் காற்றைச் சரிபார்த்து, வண்டியைத் தன் எடையில் நிறுத்தி, சக்கரங்களைத் தடையின்றித் திரும்பவிடும் தட்டுகளில் வைத்து அளந்தார். இரு பக்கமும் சம அளவில் திருகிக் கேஸ்டரை 6 டிகிரிக்குக் கொண்டுவந்தார். டோவை டேப் வைத்தே பார்த்தார். பின்பக்கத்தைவிட முன்பக்கம் 3 மில்லிமீட்டர் குறைவாக வைத்து நட்டை இறுக்கினார். 150 டாலர் வாங்கினார். இப்போது அதே ஃப்ரீவேயில் 65 மைலில் வண்டி கோடு பிடித்ததுபோல் போகிறது.

உங்கள் வண்டியை விடும்போது, என் கார் கணினியில் இருக்கிறதா, இல்லையென்றால் எந்த அளவை வைத்துச் செய்வீர்கள் என்று கேளுங்கள். நீங்கள் விரும்பும் அளவை மதிப்பீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். விடுவதற்கு முன் லாக் நட்டுகளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாள் கைக்கு வந்ததும் பச்சை நிறத்தைப் பார்க்காதீர்கள். வாகனத்தின் பெயரையும், வேலைக்கு முன்னும் பின்னும் உள்ள கேஸ்டர் எண்களையும் பாருங்கள்.

கலிபோர்னியாவில் வேலை தொடங்கும் முன் எழுத்தில் மதிப்பீடு தரவேண்டும், செய்த வேலையைப் பில்லில் குறிப்பிடவேண்டும் என்பது சட்டம். செய்யாததைச் செய்ததாக எழுதினால் மாநில வாகனப் பழுதுபார்ப்புப் பணியகத்தில் புகார் செய்யலாம். பணத்தைத் திருப்பித் தரும்படி கடைக்கு ஆணையிட அதற்கு அதிகாரம் இல்லை; ஆனால் இரு தரப்புக்கும் நடுவே பேசும், கடையை விசாரிக்கவும் செய்யும். தாளின் நகல், நட்டுகளின் படங்கள், பெரியவர் எழுதிக் கொடுத்த அறிக்கை எல்லாவற்றையும் இணைத்துப் புகார் அனுப்பிவிட்டேன். அதிலும் பணம் வராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போவேன்.