காகிதப்பூ போன்சாய்க்கு வுட் ஹார்டனர்: எங்கே உதவும், எங்கே ஆகாது

போன்சாயில், அதாவது தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரத்தில், அழகுக்காகச் செதுக்கிய பட்டுப்போன கட்டைக்கு லைம் சல்ஃபர் (சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்த கரைசல்) பூசினாலே போதும் என்ற எண்ணம் வளர்ப்போரிடம் பரவலாக இருக்கிறது. பிசின் ஊறி இறுகிய ஜூனிபர் என்ற ஊசியிலை மரத்தின் கட்டைக்கு அது பொருந்தும்; காகிதப்பூவுக்குப் பொருந்தாது. மரத்திசுவும் மென்திசுவும் மாறிமாறி அமைந்த தண்டு இது. பட்டுப்போனதும் மென்திசு முதலில் மக்க, மிஞ்சியது ஏடு ஏடாகப் பிரிந்து உதிர்கிறது. லைம் சல்ஃபர் பூஞ்சையைத் தடுத்துக் கட்டையை வெளுக்கச் செய்யுமே தவிர, உளுத்துப்போனதை இறுக்காது. அந்தக் குறையைத்தான் கரைப்பானில் கரைத்த பிசினான வுட் ஹார்டனர் தீர்க்கிறது.

தண்ணீர்போல் நீர்த்திருப்பதே இதன் பெரிய பலம். தூரிகையால் தொட்டு வைத்தால், நகம் பட்டாலே பொடியும் கட்டை அதை மளமளவென்று உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சுவது நிற்கும்வரை விட்டுவிட்டுப் பூசினால், காய்ந்தபின் நகத்தால் அழுத்தினாலும் பள்ளம் விழாது. ஆனால் கட்டை உள்வரை உலர்ந்திருக்க வேண்டும், மக்கியதை முன்பே சுரண்டி எடுத்திருக்க வேண்டும். ஈரத்தின்மேல் பூசினால் மேலே ஓடு கட்டிக்கொண்டு, உள்ளே அழுகல் தொடரும். பொந்தில் நீர் தேங்கினால் எந்த மருந்தும் பயன் தராது என்பதால், அடியில் வடிகால் துளை இடுவதும் அவசியம்.

குறை என்று சொன்னால், பிளாஸ்டிக் பூசியது போன்ற மினுமினுப்பும் நிறம் சற்றுக் கருப்பதும்தான். மிகுதியை உறையும் முன்பே துணியால் ஒற்றி எடுத்தால் மினுமினுப்பு பெரிதும் குறையும். வெண்மை வேண்டுவோர் லைம் சல்ஃபரை முதலில் பூசி, நன்றாகக் காயவிட்டு, அதன்பிறகே இதைப் பூச வேண்டும். வுட் ஹார்டனர் ஊறி இறுகிய கட்டைக்குள் லைம் சல்ஃபர் இறங்காது. லைம் சல்ஃபரின் அழுகிய முட்டை நாற்றத்துக்கு அஞ்சுவோருக்கு வுட் ஹார்டனர் சற்று ஆறுதல், என்றாலும் கரைப்பானின் நெடியும் எளிதில் தீப்பற்றும் தன்மையும் உண்டு; கையுறை அணிந்து, திறந்தவெளியில் பூசுவதே முறை.

உயிருள்ள பட்டைக்கு இதை ஒருபோதும் பூசக் கூடாது. செதுக்கிய விளிம்பில் உயிர்த்திசுவை ஒட்டிச் சிறு இடைவெளி விட்டு, தொட்டி மண்ணைத் துணியால் மூடிக்கொண்டு வேலை செய்ய வேண்டும். முதிர்ந்த பட்டையின் சொரசொரப்பே இம்மரத்தின் அழகு. அதன் பிளவுகளில் தங்கும் பாசியையும் தூசியையும் நீக்க, உலர்ந்த மென்மையான பல்துலக்கியே போதும்.

கட்டை பொடிய ஆரம்பித்த காகிதப்பூ வைத்திருப்போருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். புதிதாகச் செதுக்கியவர்கள் ஈரம் முழுவதும் வற்றும்வரை பொறுத்திருந்து வாங்கலாம்.