காதில் ஒரு பீப்: கிளைடர் போட்டியில் எந்தக் கருவிக்கு இடம்?

உளுந்து பறித்த பிறகு, குறுவைக்கு உழவு ஓட்டுவதற்கு முன்னால், எங்கள் பக்கத்து வயல்கள் ஐந்தாறு வாரம் சும்மா கிடக்கும். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேரும் வரை அது ஆடுமாடுகளுக்கு மேய்ச்சல், பையன்களுக்குக் கிரிக்கெட் மைதானம், எங்கள் ஏழு பேருக்கு விமான நிலையம். மன்னார்குடியிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு தரிசில் ரேடியோவில் ஓட்டும் மாடல் கிளைடர், அதாவது காற்றில் மிதந்தே பறக்கும் சின்ன விமானம், விடுகிறோம். போன ஏப்ரலில் எங்களுக்குள் ஒரு போட்டி வைத்தோம். மூன்றாவது சுற்றிலேயே சண்டை.

சண்டைக்குக் காரணம் ஒரு இயர்போன். கும்பகோணத்திலிருந்து வருகிற தம்பி தன் கிளைடருக்குள் வேரியோ வைத்திருந்தார். காற்றழுத்தம் மாறுவதை வைத்து விமானம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லும் சின்ன சென்சார் அது. ஏறினால் பீப் பீப் என்று வேகமாகக் கத்தும். இறங்கினால் ஒரு முனகல். அந்தச் சத்தம் ரிமோட் வழியாக அவர் காதுக்கு வந்துகொண்டிருந்தது. எங்கள் கண்ணுக்குக் கிளைடர் நேராகப் போவது போலத்தான் தெரியும். அவர் மட்டும் சட்டென்று திருப்பி வட்டம் போட ஆரம்பிப்பார், அது மேலே போகும்.

எங்களில் மூத்தவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். “தம்பி, நீங்க காத்தைப் பாத்து ஓட்டல. யாரோ காதுல சொல்லச் சொல்ல ஓட்டுறீங்க” என்றார்.

“சார், நீங்களும் காலையில போன்ல காத்து எந்தப் பக்கம்னு பாத்துட்டுத்தான வந்தீங்க?”

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எழுதி வைத்த விதிதான் எங்களிடம் இல்லை. சரி, உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்தேன். எல்லா விதிப் புத்தகமும் ஒரே கேள்வியைத்தான் சுற்றி வருகிறது: கருவி யாரிடம் பேசலாம், எப்போது பேசலாம்?

எதுவும் பேசக் கூடாது: எஃப்3கே

கையால் வீசும் கிளைடர்களுக்கான வகுப்பு இது. இறக்கை நீளம் 1.5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, எடை 600 கிராமுக்குள். இறக்கை நுனியில் உள்ள சின்ன முளையை இரண்டு விரலால் பிடித்து, வட்டெறிவது போல ஒரு சுற்றுச் சுற்றி விட்டால் விர்ரென்று மேலே போகும். மோட்டார் கிடையாது.

எஃப்ஏஐ எனப்படும் சர்வதேச வான்விளையாட்டுக் கூட்டமைப்பு இந்த மாதிரி ரேடியோ கிளைடர்களுக்கு எழுதிய தடைப் பட்டியலைப் படித்தால் சிரிப்பு வரும், அவ்வளவு நுணுக்கம். பறக்கும்போது செல்போன் கூடாது, வாக்கி டாக்கி கூடாது, வேகத்தையும் உயரத்தையும் கீழே அனுப்பும் டெலிமெட்ரி கூடாது, வெப்பத்தைக் காட்டும் கேமரா கூடாது, தெர்மாமீட்டர் கூடாது, பைனாகுலர் கூடாது, ஜிபிஎஸ், லேசர் தூரமானி எதுவும் கூடாது. மீறினால் போட்டியிலிருந்தே வெளியே. அனுமதி இரண்டுக்குத்தான்: விமானத்துக்குள் இருக்கும் ரிசீவருக்கு வரும் சிக்னலின் பலம், ரிசீவர் பேட்டரியின் நிலை. இரண்டும் பாதுகாப்புக்கானவை. பவர் கண்ணாடியும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொள்ளலாம் என்று மறக்காமல் எழுதியிருக்கிறார்கள். வாத்தியாருக்கு அதில் ஒரு நிம்மதி.

இந்தத் தடை எதைக் காப்பாற்றுகிறது என்பது வயலில் நின்றால்தான் புரியும். பம்புசெட் தண்ணீர் பாயும் பருத்திக் கொல்லை ஒரு பக்கம், வெடித்துக் காய்ந்த தரிசு மறுபக்கம். பதினோரு மணி வெயிலில் தரிசின் மேல் காற்று சூடாகி, பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் வரப்பை ஒட்டித்தான் பிய்த்துக்கொண்டு கிளம்பும். இதைத்தான் தெர்மல் என்கிறோம். கிளம்பும்போது சுற்றியுள்ள காற்றைத் தன் பக்கம் இழுக்கும். அதுவரை வலது கன்னத்தில் பட்டுக்கொண்டிருந்த காற்று திடீரென்று பிடரியில் படும். கம்பில் கட்டிய ரிப்பன் திசை மாறும். வைக்கோல் துரும்பு ஒன்று தரையிலிருந்து எழும்பும். அப்புறம் எங்கிருந்தோ ஒரு பருந்து வந்து இறக்கையை அசைக்காமல் வட்டமிடும். இதையெல்லாம் கவனித்துச் சரியான பக்கம் வீசுபவன்தான் ஜெயிக்க வேண்டும் என்பது எஃப்3கேயின் எண்ணம்.

சிக்கல், சோதனை போடுவதில் இருக்கிறது. இப்போது வரும் ரிசீவர்கள் சிலவற்றில் வேரியோ சென்சார் உள்ளேயே இருக்கிறது. இயர்போனைப் பிடுங்கிவிட்டால் போதுமா என்றால், ரிமோட்டை அதிர வைத்தும் செய்தி சொல்லலாம். கையில் நடுக்கம் வந்தால் யாருக்குத் தெரியும்? ஆளுக்கு ஆள் தெரிந்த சின்னக் கூட்டத்தில் நம்பிக்கையில் ஓடும், வெளியூர்க்காரர்கள் வந்தால் ரிமோட்டின் மெனுவைத் திறந்து பார்க்க ஒருவர் வேண்டும்.

இறங்கிய பிறகு பேசலாம்: எஃப்5ஜே

எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

மின்மோட்டார் வைத்த கிளைடர். கிளப்பியதும் அதிகபட்சம் 30 நொடி மோட்டார் ஓட்டலாம், பிறகு அணைத்துவிட்டு மிதக்க வேண்டும். தகுதிச் சுற்றுக்கு 10 நிமிட நேரம். பறந்த ஒவ்வொரு நொடிக்கும் ஒரு புள்ளி. உள்ளே ஒரு பெட்டி கட்டாயம் இருக்க வேண்டும், உயரத்தையும் மோட்டார் ஓடியதையும் பதிவு செய்யும் பெட்டி. அது பறக்கும்போது வாயே திறக்காது. தரையில் இறங்கியதும் நேரக்காப்பாளர் அதில் தெரியும் உயரத்தைப் படிப்பார். 200 மீட்டர் வரை மீட்டருக்கு அரைப் புள்ளி கழியும். அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் 3 புள்ளி. நடுவில் பயந்துபோய் மோட்டாரை மறுபடி போட்டால் அந்தச் சுற்றுக்குப் பூஜ்யம்.

வாத்தியார் போட்ட கணக்கு: ஒருவர் 62 மீட்டரில் மோட்டாரை அணைக்கிறார், 31 புள்ளி போச்சு. 8 நிமிடம் 20 நொடி பறக்கிறார், அதாவது 500. குறியிலிருந்து மூன்று மீட்டருக்குள் இறங்கினால் 40. மொத்தம் 509. இன்னொருவர் தைரியமில்லாமல் 198 மீட்டர் வரை ஏறுகிறார், 99 கழிகிறது. 9 நிமிடம் 50 நொடி, 590. ஒரு மீட்டருக்குள் இறங்கியதற்கு 50. மொத்தம் 541, ஜெயித்துவிட்டார். அதே ஆள் கை தவறி 230-க்குப் போயிருந்தால்? 100-ம் 90-ம் சேர்த்து 190 கழிந்து, 450-ல் தோற்றிருப்பார். உயரம் கடன் மாதிரி. வாங்கலாம், வட்டி கட்ட வேண்டும், ஒரு கோட்டுக்கு மேல் கந்துவட்டி.

இதில் ஒரு நுணுக்கம். பெட்டி எடுத்துக்கொள்வது மோட்டார் நின்ற நொடியின் உயரத்தை அல்ல. நின்ற பிறகு 10 நொடி வரை எட்டிய அதிகபட்ச உயரத்தை எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் தரையை ஒட்டி முழு வேகத்தில் ஓட்டி, மோட்டாரை அணைத்துவிட்டு, அந்த வேகத்திலேயே செங்குத்தாக மேலே ஏற்றிவிடுவார்கள். போட்டி வீரர்களை நன்றாகத் தெரிந்தவர் எழுதிய விதி.

காதில் வரும் டெலிமெட்ரி இங்கேயும் கூடாது. ஆக, எலக்ட்ரானிக்ஸ் கட்டாயம், ஆனால் அது கணக்குப்பிள்ளை மட்டும், ஆலோசகர் இல்லை.

கருவியே கையைப் பிடிக்கலாம்: ஏலெஸ்

அமெரிக்காவில் பழக்கமான முறை. வைத்த உயரம் வந்ததும் கருவியே மோட்டாரை அணைத்துவிடும். பொதுவாக 200 மீட்டர், வேண்டுமானால் குறைத்தும் வைக்கலாம். எல்லோரும் ஒரே உயரத்தில் தொடங்குகிறார்கள், கணக்கு சுலபம், புதிதாக வருபவருக்குப் புரியும். ஆனால் “60-லேயே அணைச்சுப் பாக்கலாமா?” என்ற அந்த வயிற்றுக் கலக்கம் இல்லை. எனக்கு அது இல்லாமல் உப்பில்லாத சோறு.

பேசிக்கொண்டே இருக்கலாம்: ஜிபிஎஸ் முக்கோணம்

வானத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு முக்கோணத்தைச் சுற்றி வர வேண்டும். மூலை எங்கே என்று கருவி சொன்னால்தான் தரையில் நிற்பவருக்குத் தெரியும். எனவே ஜிபிஎஸ்ஸும் வேரியோவும் குரலில் பேசிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் ஒரு உதவியாளர் திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார். கும்பகோணம் தம்பிக்கு ஏற்ற போட்டி. ஆனால் சில நூறு மீட்டர் உயரத்தில் தொடங்கும் விளையாட்டு, பெரிய விமானம், பெரிய செலவு. நம் பக்கத்துக்கு ஏன் ஒத்துவராது என்பதற்கு வேறு காரணமும் உண்டு, வருகிறேன்.

ஆள் உட்கார்ந்து ஓட்டும் கிளைடரில்?

தம்பியின் பலமான வாதம் இங்கேதான். ஆள் ஏறும் கிளைடர்களில் 1920களின் இறுதியிலேயே வேரியோ வந்துவிட்டது. இன்று அது இல்லாமல் யாரும் போட்டிக்குப் போவதில்லை. உள்ளே இருப்பவருக்கு உண்டு, கீழே நிற்பவருக்கு ஏன் இல்லை என்று கேட்டார். நல்ல கேள்வி. உள்ளே இருப்பவருக்கு இருக்கை முதுகைத் தள்ளுவதே பாதி செய்தி, வேரியோ அதை உறுதி செய்கிறது. கீழே நிற்பவருக்கு வேரியோவே முழுச் செய்தி. எனக்குத் தோன்றிய பதில் இது, அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

அங்கே தடை வேறு இடத்தில் விழுகிறது. உலகப் போட்டிகளில், தரையைப் பார்க்காமல் பறக்க உதவும் செயற்கைத் தொடுவானம் போன்ற கருவிகளை எடுத்துப் போகவே கூடாது, பழுதாகிக் கிடந்தாலும் கூடாது. காரணம் மேகம். ஒரே தெர்மலில் பல கிளைடர்கள் சுற்றும்போது ஒருவர் மேகத்துக்குள் நுழைந்தால் மற்றவர்கள் கண்ணில் படமாட்டார்.

இன்னொரு பெரிய சண்டை ஃப்ளார்ம் பற்றியது. 2004-ல் சுவிட்சர்லாந்தில் வந்த மோதல் எச்சரிக்கைக் கருவி. ஒவ்வொரு கிளைடரும் தன் இடத்தையும் போகும் பாதையையும் ரேடியோவில் சொல்லும், மோதும்படி இருந்தால் இரண்டிலும் அலாரம். உயிர்காக்கும் சாமான், யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் அதே திரையில் தூரத்தில் இருப்பவர் எவ்வளவு வேகமாக ஏறுகிறார் என்றும் பார்க்கலாம். பிறகென்ன, தானாகத் தெர்மல் தேடாமல் ஏறுகிறவன் பின்னாலேயே போய் ஒட்டிக்கொள்ளலாம். இதற்காக வந்ததுதான் ‘ஸ்டெல்த்’ முறை: மற்றவரின் ஏறுவேகம் போன்ற விவரங்களை மறைக்கும், அலாரத்தை மட்டும் அப்படியே விட்டுவிடும். தூரத்திலேயே தெரிந்தால்தானே எச்சரிக்கையாக இருக்க முடியும் என்று எதிர்ப்பவர்களும் உண்டு.

தகவல் எந்த அளவுக்குப் போட்டியைக் கெடுக்கும் என்பதற்கு 2020 ஜனவரி சாட்சி. ஆஸ்திரேலியாவின் லேக் கீபிட்டில் பெண்களுக்கான உலகப் போட்டி. கிளைடர்களின் இருப்பிடம் வேண்டுமென்றே தாமதப்படுத்தித்தான் வெளியே காட்டப்பட்டது. உள்ளூர் அணி அந்தத் தாமதமில்லாத தரவைப் பார்த்தது தெரியவந்து, அணிக்குப் புள்ளிகள் வெட்டப்பட்டன. வேரியோ இல்லை, ஃப்ளார்ம் இல்லை, தரையில் ஒரு கணினித் திரை, அவ்வளவுதான்.

நம் வயலுக்கு எது?

எந்த வெளிநாட்டு விதியும் கணக்கில் எடுக்காத ஒன்று நம்மிடம் இருக்கிறது. இந்தியாவின் 2021 டிரோன் விதிகள்படி பச்சை மண்டலத்தில், அதாவது வரைபடத்தில் பச்சையாகக் காட்டிய தடையில்லாத பகுதியில், முன் அனுமதியின்றிப் பறக்கும் உயரம் 120 மீட்டர். விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் தூரத்தில் அது 60 மீட்டர்தான். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, 2020-லிருந்து சுகோய் போர் விமானங்கள் நிற்கின்றன. அந்தப் பக்கத்து நண்பர்கள், எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் ரிமோட்டைத் தொடவே கூடாது. ஆக எஃப்5ஜேயின் 200 மீட்டர் கோடு இங்கே செல்லாது, முக்கோணப் போட்டி அறவே செல்லாது.

இங்கேதான் முடிச்சு. சட்டம் 120-ஐத் தாண்டாதே என்கிறது. விதிப் புத்தகம் பறக்கும்போது உயரத்தைத் தெரிந்துகொள்ளாதே என்கிறது. கண்ணால் உயரம் சொல்ல முடியுமா? என்னால் முடியாது. இரண்டு வருஷம் முன்னால் என் கிளைடர் ஒரு நல்ல தெர்மலில் மாட்டிக்கொண்டது. நூறு மீட்டர்தான் இருக்கும் என்று நின்றேன். அது புள்ளியாகி, புள்ளியும் மறைந்து, மூன்று நாள் கழித்துத் தென்னந்தோப்பில் தேங்காய் பறிப்பவர் மட்டைக்கு நடுவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். “அண்ணே, இது உங்களுதா? எலி கடிச்சிருக்கு” என்றார்.

அதனால் எஃப்5ஜேயையே எடுத்து, கோட்டை மட்டும் கீழே இறக்கியிருக்கிறோம். 70 மீட்டர் வரை அரைப் புள்ளி, அதற்கு மேல் 3. தெர்மலில் ஏறி எந்த நேரத்திலாவது 120-ஐத் தொட்டது பெட்டியில் பதிவாகியிருந்தால் சுற்று பூஜ்யம். வேரியோ சத்தம் கிடையாது. உயரம் 100 ஆனதும் ரிமோட்டின் ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரே ஒரு மணி, அதற்கு மட்டும் அனுமதி. மணி அடித்தால் இறக்கையில் உள்ள ஸ்பாய்லர் தகட்டைத் திறந்து இறக்க வேண்டும்.

“அதுவும் ஒரு வேரியோதானே?” என்று வாத்தியார் விடவில்லை. ஏறுவதைச் சொல்கிறதுதான், ஆனால் ஏறி முடித்த பிறகு, இறங்கு என்று சொல்வதற்காக. ஃப்ளார்மில் அலாரத்தை மட்டும் விட்டுவைத்த அதே கணக்கு. கையால் வீசும் பிரிவில் இந்த மணியும் கிடையாது. அங்கே நூறு மீட்டர் ஏற்றிக் காட்டுபவருக்கு மத்தியானச் சாப்பாடு என் செலவு.

தம்பி ஒருவழியாகச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. பறந்து முடித்த பிறகு வேரியோ பதிவைக் கணினியில் போட்டு, வாத்தியார் தெர்மல் என்று காட்டிய இடங்களில் எத்தனை நிஜம் என்று பார்க்க வேண்டுமாம். வாத்தியார் “பாக்கலாம், பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு இயர்போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.