குழந்தைக்கு முதல் கிட்டார் வாங்குகிறீர்களா? கம்பியைப் பார்த்து வாங்குங்கள்

பிள்ளையைக் கிட்டார் வகுப்பில் சேர்க்கவிருக்கும் பெற்றோர், கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். சென்னையில் பெயர் பெற்ற இசைக்கருவிக் கடை ஒன்று என் எட்டு வயது மகளுக்கு விற்ற கிட்டார், சில வாரங்களிலேயே பிரிட்ஜ் (கம்பிகளின் அடிமுனையை மேற்பலகையோடு பிடித்துவைக்கும் கட்டை) பெயர்ந்து பாழானது.

முக்கால் அளவு, நைலான் கம்பி, கிளாசிக்கல் கிட்டார். ஆசிரியர் எழுதிக் கொடுத்த சீட்டில் இருந்தது இவ்வளவுதான். கடையில் எடுத்துக் காட்டியது முக்கால் அளவு கிளாசிக்கல்தான். கம்பி மட்டும் ஸ்டீல். ஏன் என்று கேட்டேன். "நைலானில் சத்தமே வராது மேடம். எல்லாருக்கும் நாங்களே ஸ்டீல் மாற்றித்தான் தருகிறோம். ஒன்றும் ஆகாது" என்றார் விற்பனையாளர். அது அப்பட்டமான பொய்.

முழு அளவுக் கிட்டாரில் நைலான் கம்பிகள் ஆறும் சேர்ந்து இழுப்பது ஏறக்குறைய 40 கிலோ. ஸ்டீல் என்றால், 'லைட்' எனப்படும் மெல்லிய வகையே 70 கிலோவைத் தாண்டும். கிளாசிக்கல் கிட்டாரின் மெல்லிய மேற்பலகை அந்த இழுப்புக்காகச் செய்யப்பட்டதே அல்ல. அளவு சிறிதானால் இழுவிசை கொஞ்சம் குறையும். ஆனால் அப்போதும் ஸ்டீல் நைலானைவிட மிக அதிகமாகத்தான் இழுக்கும். கிட்டார் விற்றுப் பிழைப்பவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை.

முதலில் மகளின் விரல்நுனிகள் கன்றிச் சிவந்தன. புதிதாகப் பழகினால் வலிக்கத்தான் செய்யும் என்று எல்லாரும் சொன்னார்கள். குழந்தையோ வகுப்பு நாள் வந்தாலே முகம் சுண்டிப்போனாள். ஆசிரியர்தான் கிட்டாரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிரிட்ஜின் பின்விளிம்புக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகினார். தடையில்லாமல் உள்ளே போனது. தலைப்பகுதியில் கம்பி சுற்றும் வெள்ளை பிளாஸ்டிக் உருளைகளில் ஸ்டீல் கம்பி கத்தியால் கீறியதுபோல் பள்ளம் பறித்திருந்தது. அடுத்த வாரமே பிரிட்ஜ் முழுதாகப் பிய்ந்து வந்துவிட்டது.

கடையில் கொண்டுபோய் வைத்தால், "வெயிலில் வைத்திருப்பீர்கள்" என்கிறார்கள். கம்பி மாற்றிக் கொடுத்ததையே மறுத்தார்கள். பில்லின் அடியில் அச்சடித்த 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற வரியை விரலால் தட்டிக் காட்டினார்கள். அந்த வரிக்குப் பயந்துவிடாதீர்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாட்களுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படித்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் புகாரைப் பதிவு செய்துவிட்டேன்.

நீங்கள் வாங்கப் போகும்போது பிரிட்ஜைப் பாருங்கள். கம்பியை முடிச்சுப் போட்டுக் கட்டும் பிரிட்ஜும், தலைப்பகுதியில் இரண்டு நீளமான திறப்புகளும் இருந்தால் அது நைலானுக்கான கிட்டார். அதில் ஸ்டீல் கம்பி இருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட்; தலைப்பகுதியிலிருந்து எண்ணி 12-ஆவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளி 3 முதல் 4 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும்; அதற்கு மேல் போனால் சின்ன விரல்கள் அழுத்த முடியாமல் திணறும். கழுத்தின் ஓரத்தில் உள்ளங்கையை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள், ஃப்ரெட் முனைகள் குத்தக் கூடாது. கைப்பேசியில் டியூனர் செயலியைத் திறந்து ஒவ்வொரு கம்பியையும் அழுத்தாமல் ஒருமுறை, 12-ஆவது ஃப்ரெட்டில் அழுத்தி ஒருமுறை மீட்டுங்கள். இரண்டிலும் அதே ஸ்வரம், ஒரு ஸ்தாயி மட்டும் கூடி வரவேண்டும். வராவிட்டால் எத்தனை முறை சுருதி சேர்த்தாலும் அந்தக் கிட்டார் அபஸ்வரமாகத்தான் ஒலிக்கும், குழந்தையின் காதும் அதற்கே பழகிவிடும்.

முடிந்தால் ஆசிரியரையே கடைக்கு அழைத்துப் போங்கள். பில்லில் 'நைலான் கம்பி, முக்கால் அளவு' என்று எழுதி வாங்குங்கள். என் பில்லில் 'கிட்டார் – 1' என்று மட்டுமே இருக்கிறது. கடைக்காரர்கள் இன்றைக்கும் அதைப் பிடித்துக்கொண்டுதான் வாதாடுகிறார்கள்.