ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட்: உண்மையாவே உபயோகமான சைட்

ரோட்ல குழி, எரியாத தெருவிளக்கு, குவிஞ்சு கெடக்குற குப்பை, இதெல்லாம் யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாமலே விட்டுடறோம்ல, அதுக்குத்தான் பிரிட்டன்ல மைசொசைட்டிங்கிற அமைப்பு 2007ல இந்த சைட்ட கொண்டுவந்தாங்க. மேப்ல இடத்த தொட்டு, போட்டோ போட்டு, ரெண்டு வரி எழுதுனா போதும், எந்த கவுன்சிலோட (நம்ம ஊர் நகராட்சி மாதிரி) பொறுப்புன்னு அதுவே கண்டுபிடிச்சு அனுப்பிடும், துறை பேரெல்லாம் தேடி அலைய வேணாம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது, புகார் எல்லார் கண்ணுக்கும் தெரியுது. அதே குழிய யாராச்சும் ஏற்கனவே சொல்லியிருந்தா மேப்லயே இருக்கும், சில வாரம் கழிச்சு "சரியாயிடுச்சா"ன்னு மெயில் போட்டும் கேக்குறாங்க. கவுண்டர்ல குடுத்த மனு எங்க போச்சுன்னே தெரியாதுங்கிற கதை இங்க இல்ல.

குறைன்னா ஒண்ணுதான், குழிய மூட வேண்டியது கவுன்சில், அங்க ஆள் அசையலன்னா புகார் அப்படியே தொங்கும். ஆனா எத்தன நாளா தொங்குதுன்னு தேதியோட வெளிய தெரியுது பாருங்க, அதுவே பெரிய விஷயம்!

கோட் மொத்தமும் ஓப்பன் சோர்ஸ், அதாவது யார் வேணா எடுத்து மாத்திக்கலாம், நார்வேல 2011லயே எடுத்து அவங்க மொழில போட்டுட்டாங்க. கோடிங் தெரிஞ்சவங்க ஒருதடவ எறங்கிப் பாருங்க.