பசுமைக் கடன் கேட்டுப் போன கதை – ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் போல்ட்டு, நட்டு செய்யும் பட்டறை எங்களுடையது. அப்பா தொடங்கினார், இப்போது நான் பார்க்கிறேன். 11 பேர் வேலை செய்கிறார்கள். எங்கள் சரக்கை வாங்கி ஜெர்மனிக்கு அனுப்பும் நிறுவனம் ஒருநாள் ஒரு படிவத்தை நீட்டியது. கம்பிச் சுருள் எந்த ஆலையினுடையது, உலையில் மாதம் எத்தனை லிட்டர் டீசல் எரிகிறது என்றெல்லாம் கேள்விகள். ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் எல்லை வரிக்கான கணக்காம். அதாவது, ஒரு பொருளைச் செய்யும்போது வெளியான கார்பன் புகைக்கு ஏற்ப அதன் இறக்குமதிக்குப் போடும் வரி. 2023 அக்டோபரிலிருந்து கணக்கு மட்டும் கேட்டார்கள். 2026 ஜனவரி முதல் அங்கே இறங்கும் சரக்குக்கு இறக்குமதியாளர் காசும் கட்டியாக வேண்டும். அவர் சும்மா கட்டுவாரா? எங்கள் விலையில்தான் கைவைப்பார்.

டீசல் உலையை மின் உலையாக மாற்ற 22 லட்சத்துக்கு விலைப்புள்ளி வாங்கிக்கொண்டு, கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளைக்குப் போனேன். (பெயர் வேண்டாம், இன்னும் தவணை கட்ட வேண்டியிருக்கிறது.) வாசலில் பெரிய பதாகை: பசுமைக் கடன், வட்டிச் சலுகை.

"கூரை எத்தனை சதுர அடி, மேடம்?"

"உலைக்குக் கடன் கேட்டு வந்திருக்கிறேன், சார்."

"பசுமைக் கடன் என்றால் சோலார்தான், மேடம்."

எங்கள் கூரை அப்பா காலத்து ஆஸ்பெஸ்டாஸ். பூனை குதித்தாலே விரிசல் விடும். அது போகட்டும். இரும்புப் பொருளுக்கு அந்த வரியைப் போடும்போது, உலையில் நேரடியாக எரியும் எரிபொருளின் புகையையும் கம்பி உருவான ஆலையின் புகையையும்தான் பார்க்கிறார்கள். வாங்கும் மின்சாரத்தின் புகை இப்போதைக்குக் கணக்கில் சேராது. கூரை முழுக்கத் தகடு பதித்தாலும் எங்கள் போல்ட்டின் வரியில் ஒரு பைசா குறையாது. இதை அதிகாரியிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, சோலார் படிவத்தையே மறுபடி நீட்டினார்.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. கூரைச் சோலாருக்காக உலக வங்கி 2016இல் 62.5 கோடி டாலர் கடன் ஏற்பாட்டுக்கு ஒப்புதல் தந்தது. பெரிய பணம் எந்தப் பெயரில் புறப்படுகிறதோ அந்தப் பெயரில்தான் கவுன்ட்டருக்கும் வந்து சேருகிறது. வேறு வழியே இல்லாமலும் இல்லை. ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்கா, 2008இலிருந்து இந்தியச் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பி வழியாகச் சிறுதொழில்களுக்குக் கொடுத்த கடனில், மின்சாரமும் எரிபொருளும் மிச்சம் பிடிக்கும் இயந்திரங்களுக்கென்றே ஒரு பட்டியல் இருந்தது. பட்டியலில் இருந்தால் கடன் உண்டு. அப்படி ஒரு தாள் இந்தக் கிளையின் மேசையில் இருந்திருந்தால் எனக்கு நாலு நடை மிச்சம்.

அடுத்தது பிணை. சிறுதொழில் வாங்கிய கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கு ஈடு தரும், பிணையில்லாக் கடனுக்கான உத்தரவாத அறக்கட்டளை 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ஆனாலும் முதல் கேள்வி, "வீட்டுப் பத்திரம் யார் பெயரில்?" அறக்கட்டளையின் பெயரை நான் எடுத்த பிறகுதான் அந்தக் கோப்பு வெளியே வந்தது. உத்தரவாதக் கட்டணம் என் தலையில். அதில் எனக்கு வருத்தமில்லை.

இரண்டரை நட்சத்திரமும் பட்டறையைப் பார்வையிட வந்த இளம் அதிகாரிக்காக. மே மாத வெயிலில் உலைக்குப் பக்கத்தில் நின்று, டீசல் பில்களைத் தானே கூட்டிப் பார்த்து, "இந்தச் சேமிப்பிலேயே தவணை கட்டிவிடலாமே, மேடம்" என்றார். அவர் எழுதிய அறிக்கையால்தான் கடன் கிடைத்தது. சாதாரண இயந்திரக் கடனாக, சாதாரண வட்டிக்கு. பதாகையில் போட்ட சலுகை கிடைக்கவில்லை.

விண்ணப்பித்ததிலிருந்து பணம் வர 74 நாள். போகிறவர்கள் உத்யம் சான்றிதழோடு (சிறுதொழில் பதிவுச் சான்று) மூன்று வருட டீசல் பில்லையும் எடுத்துப் போங்கள். எல்லாவற்றிலும் இரண்டு நகல் கேட்பார்கள். ஜெராக்ஸ் கடை மாடிப்படிக்குக் கீழேயே இருக்கிறது, மதியம் ஒன்றரைக்கு மூடிவிடுவார்.