பதினான்கு யோசனையோடு போனேன்

பொள்ளாச்சியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். புதுசாக ஏதாவது தோன்றினால் நோட்டில் படம் போட்டு வைப்பது பழக்கம். பதினான்கு சேர்ந்துவிட்டன. எதை முதலில் கையில் எடுப்பது என்று புரியாமல் கோவையில் ஒரு காப்புரிமை ஆலோசகரைப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரத்துக்கு 3,500 ரூபாய்.

முதல் பக்கத்தில் என் செல்லப்பிள்ளை: போர்வெல்லில் தண்ணீர் இறங்கினால் தானாக மோட்டாரை நிறுத்தும் கருவி. இதே வேலையைச் செய்யும் டிரை ரன் கட்-ஆஃப் கடையில் விற்கிறது, நானே எத்தனையோ தோட்டத்தில் மாட்டியிருக்கிறேன். இருந்தாலும் என்னுடையது வேறு மாதிரி என்று ஒரு நம்பிக்கை. அந்த மேடம் கூகுள் பேட்டன்ட்ஸில் தேடி, என் படத்தையே யாரோ வரைந்த மாதிரி நாலு ஆவணங்களைக் காட்டினார். பத்து நிமிடத்தில் கதை முடிந்தது. தென்னை மரம் ஏறும் கருவிக்கு அவ்வளவு நேரம்கூட ஆகவில்லை.

மிச்சமிருந்தவற்றுக்கு ஒரே கேள்விதான். "இதை நாளைக்கே காசு கொடுத்து வாங்கறவங்க யாருங்கண்ணா? பேர் சொல்லுங்க." விவசாயிகள் எல்லாரும் வாங்குவார்கள் என்றேன். "எல்லாரும் வேண்டாம், ஆள் பேர்." பக்கம் பக்கமாக முழித்தேன்.

பன்னிரண்டாம் பக்கத்தில், எரிந்த மோட்டாரின் ஸ்டேட்டரிலிருந்து, அதாவது காயில் கட்டியிருக்கும் சுழலாத பாகத்திலிருந்து, பழைய காயிலை உருவும் சாதனம். ஒரு பக்கத்தை உளியால் வெட்டிவிட்டு, வார்னிஷ் இளகச் சூடுகாட்டி, மறுபக்கம் குறடு போட்டு இழுப்போம். தோள்பட்டை கழன்றுவிடும். சூடு அதிகமானால் ஸ்டேட்டர் தகடுகளுக்கு இடையே உள்ள காப்புப் பூச்சு போய், புதுக் காயில் கட்டியும் மோட்டார் சூடேறும். பழைய கார் ஜாக்கியை வைத்து எனக்காக ஒன்று செய்திருந்தேன். அதைக் கண்டுபிடிப்பு என்றே நினைத்ததில்லை, பக்கத்தை நிரப்ப வரைந்தது. பேர் கேட்டதும் மூச்சுவிடாமல் எட்டுப் பட்டறைக்காரர்களைச் சொன்னேன். அதில் இரண்டு பேர் இரவல் கேட்டு நான் கொடுக்காதவர்கள். நல்ல வேளை என்றார். விண்ணப்பிக்கும் முன் வெளியே தெரிந்தால் புதுமை போய்விடுமாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்கூட வீடியோ போடக்கூடாது.

மோட்டார் செய்வது, பழுது பார்ப்பது பற்றிய காப்புரிமைகளைச் சேர்த்து வைக்கும் எச்02கே 15 என்ற வகைப்பாட்டில் தேடினார். நெருக்கமாக வந்தவை பெரிய மோட்டாருக்கான ஹைட்ராலிக் கருவிகள். தற்காலிக விண்ணப்பம் போடலாம், ஆன்லைனில் தனிநபருக்கு அரசுக் கட்டணம் 1,600 ரூபாய், முழு விவரத்தைத் தர 12 மாதம் இருக்கிறது என்றார். "அதுக்குள்ள எட்டுல மூணு பேராவது வாங்கலைன்னா, மேல செலவு பண்ணாதீங்க." தன் வருமானத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் ஆலோசகரை இப்போதுதான் பார்க்கிறேன்.

குறைகள்: சொன்ன நேரத்துக்கு மேல் 50 நிமிடம் காக்க வைத்தார்கள். அறிக்கை முழுக்க ஆங்கிலம், மகள்தான் படித்துச் சொன்னாள். கடைசி இரண்டு பக்கங்களைப் பார்க்க நேரமே இல்லை.

ஐந்துக்கு நான்கு. போகிறவர்கள் நோட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள். நான் ஒரிஜினலை அங்கேயே மறந்து வைத்துவிட்டு, மறுநாள் அதற்கென்றே கோவைக்குப் பஸ் ஏறினேன்.